ஒரு ரோலில் எத்தனை படம்?

ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் குன்னூர் பெட்போர்டிலும் போன் கடைகளில் நாள் முழுக்கக் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே பேச்சுதான். "128 போதுமாங்க, 256 எடுத்துக்கலாமா?" "கேமரா எப்படி இருக்கும்?" "இன்னும் ரெண்டாயிரம் சேர்த்துப் போட்டா என்ன கிடைக்கும்?" விலை ஒரு பக்கம், கொள்ளளவு ஒரு பக்கம், வசதிகள் ஒரு பக்கம். மூன்றையும் மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்து, கடைசியில் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் பெட்டி கைக்கு வருகிறது. இந்தக் கணக்கு செல்போனோடு பிறந்ததில்லை. படம் பிடிக்கும் கருவியை மனிதன் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. நீலகிரிக்கோ இதில் தனிப் பங்கு உண்டு. இந்தியாவில் போட்டோவுக்கும் சினிமாவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் வேண்டிய பிலிமைத் தயாரித்த அரசு ஆலை இருந்தது இந்த மலையில்தான்.

ஆலைக்கு முந்தைய கதை இன்னும் நூறு ஆண்டு பின்னால் போகிறது. ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஆங்கிலேயர் 1870களில் ஊட்டியில் போட்டோ எடுத்துப் பிழைத்தவர். தோடர், கோத்தர் மக்களையும் தோடர் குடியிருப்புகளான மந்துகளையும் ஏரியையும் பங்களாக்களையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் நீலகிரி வரலாற்று நூல்களில் அச்சாகின்றன. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் நடப்பில் இருந்தது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூச வேண்டும்; வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும்; ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து அங்கேயே கழுவிவிட வேண்டும். கால் மணி நேரம் தாமதித்தால் தகடு வீண். அதனால் காட்டுக்குள் படமெடுக்கப் போகிறவர் கேமராவோடு இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் மலையேற்ற வேண்டும். எத்தனை படம் எடுக்கலாம் என்பதை எத்தனை சுமையாட்கள் என்பதுதான் முடிவு செய்தது.

அந்தச் சுமையை இறக்கி வைத்தது சுருள் பிலிம். 1888இல் அமெரிக்காவில் கோடாக் விற்ற கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்தபின் கேமராவையே ஆலைக்கு அனுப்பினால், படங்களைக் கழுவிப் புதுச் சுருள் போட்டுத் திருப்பித் தர இன்னும் 10 டாலர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1900இல், அதே நிறுவனம் பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரே ஒரு டாலருக்கு இறக்கியது. ஆனால் சுருளுக்கு ஆறு படம்தான். விலை இருபத்தைந்தில் ஒரு பங்காக இறங்கியபோது கொள்ளளவும் இறங்கியது. மக்கள் ஆறு படத்தோடு திருப்திப்பட்டு பிரவுனியை அள்ளிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே 120 என்ற சுருள் அளவு வந்தது. அந்த 120தான் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்த "ரோல்".

நம்மூரில் 1960களிலும் 70களிலும் நடுத்தரக் குடும்பம் வாங்க முடிந்த கேமரா ஆக்ஃபா கிளிக் த்ரீ. பரோடாவில் தயாரானது. 120 ரோல் போட்டால் ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் 12 படம். ஷட்டருக்கு ஒரே வேகம். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று லென்சருகே நகர்த்தும் குறி. அவ்வளவுதான் வசதி. அதே ரோலில் 16 படம் வேண்டுமென்றால் ஆக்ஃபா ஐசோலி. ஆனால் படம் நான்கு சென்டிமீட்டர் சதுரமாகச் சுருங்கிவிடும். இன்னும் வசதியுள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர் மூலமோ சென்னை பர்மா பஜாரிலோ 35 எம்.எம். கேமராவைத் தேடினார்கள், அதில் 36 படம். ஒலிம்பஸ் பென் என்ற அரைச்சட்டக் கேமராவில் அதே சுருளை 72 படமாகவே பிரிக்கலாம்.

அப்படியானால் 72தானே லாபம்? இங்கேதான் கணக்கின் நுட்பம் இருக்கிறது. கிளிக் த்ரீயின் நெகட்டிவ் பெரியது. அதைத் தாளின்மேல் அப்படியே வைத்து வெளிச்சம் காட்டினால், பெரிதாக்கும் கருவி எதுவும் இல்லாமல், ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்கு ஒரு பிரிண்ட் கிடைத்துவிடும். 35 எம்.எம். நெகட்டிவோ 24க்கு 36 மில்லிமீட்டர்தான். கட்டாயம் பெரிதாக்கியாக வேண்டும். ஒவ்வொரு பிரிண்டுக்கும் கூடுதல் கூலி. அரைச்சட்டம் என்றால் முகத்தில் புள்ளி புள்ளியாக கிரெய்ன் தெரியும். ரோலில் மிச்சம் பிடித்த காசு ஸ்டுடியோவில் கரைந்துவிடும். இதையெல்லாம் ஸ்டுடியோக்காரர் பொறுமையாக விளக்கிச் சொல்வார். வாங்குகிறவர் கேட்டுக்கொண்டு, பெரும்பாலும் கிளிக் த்ரீயையே எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார். சரியான முடிவும் அதுவே.

அந்தக் கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறிய துளை ஒன்று உண்டு. உள்ளே ரோலின் முதுகுத்தாளில் 1, 2, 3 என்று எண்கள் அச்சாகியிருக்கும். ஒரு படம் எடுத்ததும் குமிழைத் திருக வேண்டும். சிவப்புத் துளையில் முதலில் சில புள்ளிகள் நகரும், பிறகு அடுத்த எண் மெல்ல வந்து நிற்கும். திருக மறந்தால் ஒரே சட்டத்தில் இரண்டு படம். அக்காவின் கல்யாணக் கோலத்தின்மேல் வாசல் தென்னை முளைத்துவிடும். பன்னிரண்டும் முடிந்ததும் ரோலை நிழலில் வைத்துக் கழற்றி, நுனியில் இருக்கும் பசைத்தாளை நாக்கால் நனைத்து ஒட்டி, ஸ்டுடியோவுக்குக் கொண்டு போவார்கள். தீபாவளிக்கு மூன்று, பொங்கலுக்கு இரண்டு, ஊருக்கு வந்த மாமாவுக்கு ஒன்று என்று ஒரு ரோல் ஆறு மாதம் கேமராவுக்குள்ளேயே கிடந்த வீடுகள் ஏராளம்.

ஊட்டியில் இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். சுற்றுலா வந்தவர் காலை வெயிலில் தாவரவியல் பூங்காவில் எடுத்த படம் பளிச்சென்று விழும். அதே ஆள் மதியத்துக்கு மேல் தொட்டபெட்டா ஏறி, 2,637 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் எடுத்தால், ஒரே வேகமுள்ள ஷட்டர் கைவிட்டுவிடும். "அண்டர் ஆயிடுச்சு சார்" என்று ஸ்டுடியோக்காரர் ஒளி போதாமல் வெளுத்த நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். 100 ஏ.எஸ்.ஏ. ரோலுக்குப் பதில், குறைந்த வெளிச்சத்திலும் பதியும் 400 ஏ.எஸ்.ஏ. போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், ஆனால் அதற்கு விலை கூடுதல், கிரெய்னும் கூடுதல். இன்றைய போன் பெட்டியில் "நைட் மோட்" என்று அச்சடித்திருக்கும் வசதிக்கு அன்று கொடுத்த விலை இது.

இந்தச் சுருள்களை நாமே செய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்துதான் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பிறந்தது. பிலிம் இறக்குமதிக்குப் போகும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த நினைத்த மத்திய அரசு 1960 நவம்பரில் இந்த நிறுவனத்தைப் பதிவு செய்தது. தொழில்நுட்பம் பிரான்சின் பௌஷே நிறுவனத்துடையது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் எழுந்த ஆலையில் 1967இல் உற்பத்தி தொடங்கியது. சரக்குக்கு வைத்த பெயர் "இந்து". அந்தப் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. இந்து நகர் என்றால் இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கிடைக்கும்.

மலையைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பிலிமின் உயிர் அதன் மேல்பூச்சில் இருக்கிறது. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளி நைட்ரேட் ஆக்கி, அதைப் பொட்டாசியம் புரோமைடோடு ஜெலட்டின் கூழில் கலந்தால், வெளிச்சம் பட்டால் மாறும் நுண்மணிகள் கிடைக்கும். அந்தக் கூழை நீண்ட செல்லுலோஸ் அசிடேட் தாளின்மேல் தலைமுடியை விட மெல்லிய படலமாகப் பூசி, உறைய வைத்து, காய வைக்க வேண்டும். ஜெலட்டின் வெப்பத்தில் இளகும். ஒரு தூசி விழுந்தால் திரையில் அது கல்லளவு தெரியும். தண்ணீரில் உப்போ இரும்போ கலந்திருந்தால் பூச்சு கெடும். குளிர்ச்சி, தூசியில்லாத காற்று, நல்ல தண்ணீர் மூன்றும் ஊட்டியில் இயற்கையாகவே இருந்தன. பூசுவது, அறுப்பது, துளையிடுவது, சுற்றுவது எல்லாமே இருட்டில். ஷிப்டுக்குப் போன தொழிலாளி பகல் முழுக்க இருட்டில் நின்று, கைவிரலால் தடவி அறிந்து வேலை செய்து, சாயங்காலம் வெளியே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த இருட்டில் பிழைத்தன. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று மலைச்சரிவில் ஓர் ஊரே எழுந்தது.

அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை, கேத்தியில் ஊசி ஆலை, முத்தோரையில் 1970இல் வந்த ரேடியோ தொலைநோக்கி... நீலகிரி வெறும் தேயிலையும் உருளைக்கிழங்கும் விளைந்த மலை என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். நுட்பமான வேலைக்கு இந்த மலையைத் தேடி வந்தவர்கள் பலர். அவர்களில் சாதாரண வீடு வரைக்கும் கை நீட்டியது பிலிம் ஆலை.

1970களின் நடுவில் கருப்பு வெள்ளை சினிமா பாசிட்டிவிலும் ஒலிப்பதிவு நெகட்டிவிலும் இந்தியா ஏறக்குறையத் தன் காலில் நின்றது. கிராமத்து டூரிங் டாக்கீஸில் ஓடிய பிரதி, அரசு மருத்துவமனையில் காசநோயாளியின் நெஞ்சைக் காட்டிய எக்ஸ்ரே, ஸ்டுடியோ சுவரில் தொங்கிய புரோமைடு பிரிண்ட் என்று அந்தக் காலத்தின் முகம் எத்தனையோ முறை ஊட்டியில் பூசிய வெள்ளியின்மேல் விழுந்திருக்கிறது. இதைச் செய்த ஆலைக்கு இன்னும் உரிய மரியாதை கிடைக்கவில்லை.

ஆனால் இந்த ஆலையும் ஒரு வாடிக்கையாளர்தான். கடையில் நிற்பவரைப் போலவே அதுவும் தொழில்நுட்பத்தை விலை கேட்டு வாங்கியது. அதன் வரலாற்றில் இரண்டு பெரிய கொள்முதல்கள் உண்டு.

முதலாவது பௌஷேயிடம் வாங்கிய கருப்பு வெள்ளை நுட்பம். 1960இல் அது நியாயமான முடிவு. எக்ஸ்ரே, பாஸ்போர்ட் போட்டோ, பத்திரிகை, பெரும்பாலான சினிமா எல்லாம் கருப்பு வெள்ளைதான். இருந்தாலும் வண்ணம் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. தமிழில் "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956லேயே கேவா கலரில் வந்தது. "காதலிக்க நேரமில்லை" 1964இல் ஈஸ்ட்மென் கலரில். ஊட்டி ஆலை உற்பத்தி தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கோடம்பாக்கம் முழுக்க வண்ணத்துக்குத் தாவியது. விலை குறைவு என்பதற்காகக் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கலரில் எடுத்த படங்களும் உண்டு. வண்ண பிலிமை இங்கே பூச முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து பெரும் சுருளாக வந்ததை அறுத்து, துளையிட்டு, பெட்டியில் அடைப்பதோடு சரி.

இரண்டாவது கொள்முதல்தான் ஆலையை முடக்கியது. 1980களில் அமெரிக்காவின் டூபாண்ட் நுட்பத்தில், பாலியெஸ்டர் தாளில் எக்ஸ்ரே பிலிம் செய்யும் பெரிய திட்டத்தில் இறங்கினார்கள். காலமும் மதிப்பீட்டைத் தாண்டியது, செலவும் தாண்டியது. கடனும் வட்டியும் ஏறின. வாங்கிய நுட்பம் தரமானதுதான். ஆனால் ஜப்பானின் ஃபூஜி 1980களின் தொடக்கத்திலேயே எக்ஸ்ரே படத்தைக் கணினியில் ஏற்றும் முறையைச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தது. 1991க்குப் பிறகு சந்தை திறந்து, கோடாக், ஃபூஜி, கோனிகா ரோல்கள் பெட்டிக்கடை வரைக்கும் தொங்கின. கலர் லேப்கள் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் தந்தன. கருப்பு வெள்ளை ரோலைக் கழுவித் தர ஆள் தேட வேண்டியதாயிற்று. 1990களின் நடுவில் ஊட்டி ஆலை நலிந்த நிறுவனங்களுக்கான வாரியத்தின் முன் போய் நின்றது. 2003இல் அதை மூடிவிடலாம் என்று வாரியம் சொன்னது. மிஞ்சியிருந்த தொழிலாளர்கள் அதன்பின்னும் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2014 பிப்ரவரியில்தான் விருப்ப ஓய்வுக்காக மத்திய அமைச்சரவை ரூ.181.54 கோடி ஒதுக்கியது. ஆலையின் இந்த வீழ்ச்சியை ஊட்டிக்காரர்களின் சோம்பல் என்று பேசுவது அநியாயம். உலகத்துக்கே பிலிம் விற்ற கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

அந்தக் கோடாக்கில்தான் 1975இல், ஊட்டி ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். படத்தில் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 வினாடி. ஒரு கேசட்டுக்கு 30 படம் என்று அவர் வரம்பு வைத்தார். நாடாவில் அதைவிட அதிகம் பதிந்திருக்கலாம். ஆனால் உலகம் 24 படச் சுருளுக்கும் 36 படச் சுருளுக்கும் பழகியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்ததாக அவரே பின்னாளில் விளக்கினார். பிலிமே இல்லாத கேமராவிலும் பிலிம் ரோலின் அளவுதான் மனதில் நின்றது.

2000இல் ஜப்பானில் ஷார்ப் விற்ற கேமரா போனில் 1,10,000 புள்ளிகள். 2007இல் முதல் ஐபோன் 4 ஜி.பி. 499 டாலர், 8 ஜி.பி. 599 டாலர் என்று இரு வகையாக வந்தது. மூன்று மாதத்துக்குள் 4 ஜி.பி. வகையை நிறுத்திவிட்டு 8 ஜி.பி.யை 399 டாலருக்கு இறக்கினார்கள். கொள்ளளவுக்கும் விலைக்கும் இடையே இருந்த பழைய இழுபறி புது அலகில் தொடர்ந்தது.

இன்றைய அலகில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 128 ஜி.பி. போனில் இயங்குதளமும் அதன் செயலிகளும் போக ஏறக்குறைய 100 ஜி.பி. கைக்கு வரும். 12 மெகாபிக்சல் படம் ஒன்று 4 எம்.பி. என்று வைத்தால் 25,000 படம். கிளிக் த்ரீ கணக்கில் இரண்டாயிரம் ரோலுக்கு மேல். படம் மட்டும் எடுப்பவருக்கு இது தாராளம். கொள்ளளவை விழுங்குவது வீடியோ. ஃபுல் எச்.டி.யில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. போகும், அதே 100 ஜி.பி. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் தீரும். 4கே என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆகவே 128ஆ 256ஆ என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வீடியோ எவ்வளவு எடுப்பீர்கள் என்பதுதான்.

மெகாபிக்சல் விஷயத்திலும் பழைய நெகட்டிவ் கணக்கு உதவும். ஆறுக்கு நான்கு அங்குல பிரிண்ட் துல்லியமாக விழ இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். 50 மெகாபிக்சல் என்று விற்கும் போன் பெரும்பாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 108 என்பது ஒன்பதை ஒன்றாக்குகிறது. உண்மையில் பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. பெரிய நெகட்டிவுக்கு இருந்த அதே அனுகூலம் பெரிய சென்சாருக்கும் உண்டு, அதுவும் பனிமூட்டம் இறங்கும் ஊரில்.

சமவெளிக் கடைக்காரர் சொல்லாத சில வசதிகளும் இந்த மலையில் காசு பெறும். தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் விடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஐ.பி. 67 அல்லது 68 என்ற நீர்த்தடுப்புத் தரம், நான்காவது கேமராவை விடப் பெரிய உபகாரம். உறைபனி விழும் மார்கழி விடியலில் லித்தியம் பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன்கள் பள்ளத்தாக்குகளில் இருப்பதால், தொலைவு தாண்டி வளைந்து வரும் குறைந்த அலைவரிசைகள்தான் அங்கே எட்டும். பி.எஸ்.என்.எல். 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. 700ஐ, அதாவது பேண்ட் 28ஐ, எல்லாப் போனும் ஏற்பதில்லை. வீட்டில் அந்த சிக்னல் மட்டும்தான் வரும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் விவரப் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

மெமரி கார்டு போடும் துளையையும் கேட்டு வாங்குவது நல்லது. விலை கூடிய போன்களில் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டார்கள். குறைந்த, நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. 128க்கும் 256க்கும் இடையே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வரும் இடத்தில், படங்களை மட்டும் கார்டுக்கு மாற்றிக்கொண்டால் அந்தப் பணத்தை மழைக்கும் பேட்டரிக்கும் திருப்பலாம். செயலிகள் போனின் சொந்த இடத்திலேயே இருக்கட்டும். கார்டின் வேகம் அவற்றுக்குப் போதாது. கார்டும் கெடும் பொருள்தான். கல்யாணம், குழந்தை என்று திரும்பக் கிடைக்காத படங்களை வருடத்துக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து வைப்பதும், பத்துப் பதினைந்தையாவது தாளில் பிரிண்ட் போடுவதும் இந்த வாங்கலின் செலவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டியவை.